உன் மாமா எண்ணூருக்கு வந்த காலை

அறிவு,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு "பார்க்கலாம்" என்றேன். பார்த்துவிட்டேன். முடியாது. பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி மீதியை நீ நிதானமாகவும் படிக்கலாம், கோபித்துக்கொண்டும் படிக்கலாம். போனில் சொல்லியிருந்தால் "அம்மா, ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று குறுக்கே புகுந்து என்னைக் கரைத்திருப்பாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தத் திறமை உண்டு. காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நீ கேட்டது என்ன என்பதை முதலில் எழுத்தில் போடுகிறேன். எழுத்தில் அது எப்படி இருக்கிறது என்று நீயும் பார். கார்த்திகையில் உனக்குக் கல்யாணம். சுபா வீட்டார் தெற்கத்திக்காரர்கள், பாரிமுனையில் மொத்த மளிகை வியாபாரம், முறை விடாதவர்கள். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வரவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டதில் தப்பே இல்லை, நமக்கும் அதுதான் வழக்கம். நம் வீட்டுச் சுவரில் சாமி படங்கள் போய்ப் புத்தர் வந்த பிறகும் தாய்மாமன் அங்கேயேதான் இருக்கிறான். உனக்கு இருப்பது ஒரே தாய்மாமன், என் தம்பி தயாளன். புளியந்தோப்பு ஆடுதொட்டியில் ஆடு அறுக்கிறவன். நீயோ நாம் பெரம்பூர்க்காரர்கள், மாமாவுக்கு ஏதோ பிசினஸ் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாய். அதனால் அன்று ஒருநாள் மட்டும் என்னோடு டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்த சேகர் தாய்மாமனாக நின்று மாலை போடட்டும், தயாளன் கூட்டத்தோடு கூட்டமாக உட்காரட்டும், இதை நான் அவனிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். நம் சொந்தக்காரர்கள் நூறு பேர் வருவார்களே, அவர்கள் வாயை யார் தைப்பது என்று நீ யோசித்ததாகத் தெரியவில்லை. பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறாய், அது உன் கவலை.

நான் மறுக்கத்தான் போகிறேன் என்று அப்போதே தெரியும் என்று நினைத்துவிடாதே. உண்மையைச் சொல்கிறேன், நான் சொல்லத்தான் போனேன். மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கிவிட்டேன். "தயா, அவங்க சைவம், உனக்கே சங்கடமா இருக்கும்" என்று ஆரம்பிக்கலாம் என்று கூட முடிவு பண்ணியிருந்தேன். அவர்கள் சைவம் இல்லை என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அவன் குடியிருப்பது ஹவுசிங் போர்டில் ஒரே ரூம். அவன் பெண்டாட்டியையும் இரண்டு பெண்களையும் வைத்துக்கொண்டு அங்கே எதைப் பேசுவது. அதனால் என்னோடு பறவை பார்க்க வா என்று கூப்பிட்டேன். அவனுக்கு விடிகாலை இரண்டு மணிக்கு வேலை ஆரம்பம், ஞாயிற்றுக்கிழமை என்றால் மூச்சு விட நேரம் இருக்காது. அவனுக்கு நிச்சயமான லீவு என்றால் கறிக்கடைகளை மூடச் சொல்லும் நாலைந்து நாட்கள்தான். காந்தி ஜெயந்தி அதில் ஒன்று. நான் போகிற பறவை பார்க்கும் குழுவும் அன்று எண்ணூர்ச் சதுப்பில் நடப்பதாக இருந்தது. தம்பிக்கு நல்ல நாள் பார்த்துத்தான் குழி வெட்டினேன்.

நான் பறவை பார்க்கப் போவது உனக்குச் சிரிப்பு. "எங்கம்மா குருவி எண்ணப் போறாங்க" என்று சுபாவிடம் சொன்னாயாம், அவளே என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொள். ரிட்டையர் ஆன பிறகு திருவொற்றியூரில் தனியாக உட்கார்ந்து சீரியல் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. பைனாகுலர் வாங்கிக் கொடுத்தவனும் நீதான், அதையும் சேர்த்துச் சிரி. புரட்டாசி பாதியில் வெளிநாட்டு உள்ளான்கள் வந்து இறங்க ஆரம்பிக்கும். எங்கே வந்து இறங்குகின்றன தெரியுமா? ஒரு பக்கம் புகைபோக்கி, ஒரு பக்கம் நிலக்கரி போகிற பெல்ட், எதிரே கண்டெய்னர் லாரி வரிசை, நடுவில் இருக்கிற சேற்றில். இந்த இடம் எங்களுக்கு வேண்டாம் என்று ஒரு உள்ளானும் திரும்பிப் போனதை நான் பார்த்ததில்லை. எனக்கு அதுகளைப் பிடித்துப்போனதற்குக் காரணம் அழகு இல்லை, அந்தத் திமிர்தான்.

அன்றைக்கு இருட்டு பிரியும்போதே உன் மாமா மொபெட்டில் வந்து வாசலில் ஹாரன் அடித்தான். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. தலையில் எண்ணெய். பறவை பார்க்கப் போவதற்கு எதற்கடா வெள்ளைச் சட்டை, பறவை மிரளும் என்றேன். உன் குழுவில் படித்தவர்கள் வருவார்களே என்றான். அவன் பின்னால் உட்கார்ந்து எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகளுக்கு நடுவே போனேன். காற்று முகத்தில் அடிக்க, சொல்ல வேண்டியதை மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆட்கள் நின்றிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம். காலேஜ் பிள்ளைகள், கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள், தெற்கே அடையாறு பக்கமிருந்து காரில் வருகிறவர்கள். குழுவை நடத்துகிறவர் ஒரு ரிட்டையர் ஆன பேங்க் அதிகாரி, நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். புதிதாக ஒருவர் வந்தால் வட்டமாக நின்று பேர், ஊர், தொழில் சொல்வது வழக்கம்.

தயாளன் வாயைத் திறக்கும் முன்னால் நான் திறந்தேன். "என் தம்பி தயாளன், பெரம்பூர். லெதர் கம்பெனியில சூப்பர்வைசர்." யாரும் என்னைக் கேட்கவில்லை, அறிவு. யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. தானாக வந்தது. அவன் ஒரு தரம் என்னைப் பார்த்தான், பிறகு எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டான்.

இது எனக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். உனக்கு ஐந்து வயதில் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்க்கப் போனேன். உன் அப்பா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அப்ளிகேஷன் பாரத்தில் புளியந்தோப்பு என்று எழுதினேன். வாங்கிப் பார்த்த பள்ளி ஆபீஸ் அம்மா முகத்தில் ஒன்றும் மாறவில்லை, பாரத்தை மட்டும் அடியில் செருகி வைத்துவிட்டு, இடம் இருந்தால் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அடுத்த வாரம் வேறொரு பள்ளிக்கு, பெரம்பூரில் இருந்த சேகர் வீட்டு விலாசத்தை எழுதிக் கொண்டுபோனேன். உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், சேர்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து நாம் பெரம்பூர். ரேஷன் கார்டு ஒரு ஊர், நம் வாய் ஒரு ஊர். "யாராவது கேட்டா பெரம்பூர்னு சொல்லு கண்ணு" என்று உனக்குச் சோறு ஊட்டும்போதே ஊட்டினேன். நம் பக்கத்தில் இதைச் செய்யாத வீடு குறைவு. புளியந்தோப்பு, வியாசர்பாடி என்று எழுதினால் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள், வண்டிக்கு லோன் தர மாட்டார்கள், ரோட்டில் போலீஸ் இரண்டு கேள்வி அதிகம் கேட்கும். அதனால் ஊரே பக்கத்து ஊர்ப் பேரில் ஒளிந்துகொள்கிறது. புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன்.

நீ ஆறாவது படிக்கும்போது நடந்ததை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. நீ சாப்பாட்டை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாய், எனக்கு ஆபீசில் ஷிப்ட். தயாளன் ஆடுதொட்டியிலிருந்து நேராக வந்து டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினான். லுங்கியை மாற்றாமல் போய்விட்டான், ஓரத்தில் ரத்தம். யார் இவர் என்று டீச்சர் கேட்டதற்கு, எங்கள் வீட்டுக்குக் கறி போடுகிறவர் என்று நீ சொன்னாய். சாயங்காலம் வந்து நீயே என்னிடம் சொன்னாய், அழவில்லை, பயந்திருந்தாய். அன்றைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டுபோய் அவன் முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவனிடம் போய், இனிமேல் நீ பள்ளிக்கூடம் பக்கம் போகாதே தயா என்றேன். சரிக்கா என்றான். ஏன் என்று கேட்கவே இல்லை. உனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டு உன்னைவிட அதிகமாக அழுதவன் அவன். உன்னை ஒன்றும் சொல்லாமல் அவனைச் சொன்னேன். அது என் வாழ்க்கையிலேயே பெரிய தப்பு. இன்று நீ சேகரைத் தாய்மாமன் ஆக்கப் பார்க்கிறாய் என்றால், பாடம் எடுத்தவள் நான்தான். அதனால் உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் மறுக்க யோக்கியதை உண்டு.

நடந்த கதைக்கு வருகிறேன். உப்பளத்து வரப்பில் வரிசையாக நடந்தோம். நெடுங்கால் உள்ளான்கள் சிவப்புக் காலோடு தண்ணீரில் நின்றன, கூழைக்கடா இரண்டு, ஆலாக்கள், குட்டிக் குட்டி உப்புக்கொத்திகள். தயாளனிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, இது இல்லாமலே தெரியுதேக்கா என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். அவன் பேசாமல் கடைசியில் வந்தான். நானும் வேகத்தைக் குறைத்துக் கடைசிக்கு வந்தேன், சொல்லிவிடலாம் என்று. அந்த நேரம் பார்த்து அலையாத்திப் புதர்களுக்கு மேலே பழுப்பாக ஒன்று தாழப் பறந்து வந்தது. சார் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கள்ளப்பருந்து, ஒன்று என்று நோட்டில் எழுதிக்கொண்டார். பருந்தை யாரும் இரண்டாம் தரம் பார்ப்பதில்லை, மெட்ராசில் காக்காவுக்கு அடுத்தது அதுதானே.

"பருந்து இல்ல சார்," என்றான் தயாளன்.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் சட்டென்று நிறுத்தியிருப்பான், ஆனால் பறவை அதற்குள் எங்கள் பக்கம் திரும்பியது, அவனால் சும்மா இருக்க முடியவில்லை. "வாலப் பாருங்க. பருந்துக்கு வால் நடுவுல வெட்டு கீது, திரும்பசொல்லோ வால முறுக்கும். இதுக்கு வெட்டே இல்ல. ரெக்கைய வேற மேல தூக்கி வெச்சுகினு போவுது. பருந்து ஆளு கையத்தான் பாக்கும் சார், எதுனா போடுவானான்னு. இது தரைய பாத்துகினு போவுது, இது வேற ஜாதி."

சார் அவசரமாக ஸ்கோப்பைத் திருப்பினார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நோட்டில் எழுதியதை அடித்துவிட்டு, சேற்றுப் பூனைப்பருந்து, பேரில்தான் பருந்து, இந்த சீசனில் நமக்கு இதுதான் முதலாவது என்றார். மனுஷர் நல்லவர், தப்பை ஒப்புக்கொள்ள அவருக்குக் கஷ்டமாக இல்லை. பருந்தை இவ்வளவு நுணுக்கமாக எங்கே பார்த்தீர்கள், பெரம்பூரில் அவ்வளவு பருந்தா என்று ஆசையாகக் கேட்டார். ஆடுதொட்டிக்கு மேலே விடிந்ததும் சுற்றுகிற பருந்துகளை நீ பார்த்திருக்கிறாய். அதற்குக் கீழே முப்பது வருஷமாக நிற்கிறவன் உன் மாமா. கூடையில் கறி போகும்போது எந்தப் பருந்து எந்தப் பக்கம் இறங்கும் என்று வாலைப் பார்த்தே சொல்லிவிடுவான். அவன் அதைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தான், பிறகு சிரித்துக்கொண்டே, லெதர் கம்பெனிக்கு மேலே நிறைய சுத்தும் சார் என்றான். எனக்காகச் சொன்னான். அவனுக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துபோனது.

குழு முன்னால் நடந்தது. நாங்கள் இருவரும் பின்தங்கினோம். அவன்தான் பேச்சை எடுத்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல் கேட்டான்.

"அக்கா, அறிவு கல்யாணத்துலயும் யாராச்சும் கேட்டா இதான் சொல்லணுமா? லெதர் கம்பெனி, சூப்பர்வைசர். வேற எதுனா சேத்துக்கணும்னா இப்பவே சொல்லிடு, மனப்பாடம் பண்ணிக்கிறேன். அங்க வந்து நா எதுனா உளறி, புள்ளைக்கு பேஜாராயிடப் போவுது."

நான் அவனிடம் சொல்ல வந்தது என்ன, அவன் என்னிடம் கேட்டது என்ன பார், நைனா. நீ அவனை மேடையை விட்டே இறக்கப் பார்க்கிறாய். அப்படி ஒன்று இருக்க முடியும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. உனக்காகப் பொய்யை நெட்டுருப் போட அவன் தயார். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. உன் மேல், என் மேல், அந்தப் பாரத்தை அடியில் செருகிய அம்மா மேல். ஒன்றும் மனப்பாடம் பண்ண வேண்டாம், வா என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் போனேன்.

வரப்பு முடிகிற இடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பிளாஸ்க்கில் இருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை. காலையில் நான் சொன்னது பொய் என்றேன். நாங்கள் புளியந்தோப்பு. என் தம்பி ஆடுதொட்டியில் ஆடு அறுக்கிறான், எங்கள் அப்பாவும் அறுத்தார். அந்தச் சம்பாத்தியத்தில்தான் நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டெலிபோன் ஆபீசுக்குப் போனேன். அவன் பருந்து பார்த்தது அங்கேதான், எந்த லெதர் கம்பெனியிலும் இல்லை. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். டெலிபோன் ஆபீசில் முப்பத்து மூன்று வருஷம் இருந்தவள், அங்கே கூட சேகரைத் தவிர யாரிடமும் இதை ஒரு நாள் சொன்னதில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள் என்று எழுத ஆசைதான், தட்டவில்லை. தயாளன் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து நீட்டியபோது ஒரு அம்மா, விரதம் என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டாள். கால்மணி நேரத்துக்கு முன்னால் அவள் வடை சாப்பிட்டதை நான் பார்த்தேன். அதுவும் நடந்தது, மறைக்க மாட்டேன். சார் இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டு, பருந்துகள் ராத்திரி எங்கே அடையும் என்று நோட்டை விரித்தார். தயாளன் சொல்ல ஆரம்பித்தான். மூலக்கொத்தளம் மரங்கள், பேசின் பிரிட்ஜ் பக்கத்து டவர், மழைக்காலத்தில் எந்த இடம், குஞ்சு பொரித்தால் எந்த இடம். அவனுடைய சொந்தப் பாஷையில், இன்னா, கீது, துன்னுது என்று. அவர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். தன் வேலையைப் பற்றி வெளியாட்களிடம் அவன் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததே இல்லை. வெள்ளைச் சட்டையில் சேறு தெறித்திருந்தது, அவன் கவனிக்கவே இல்லை.

விரதக்காரி போல சுபா வீட்டிலும் நாலு பேர் இருப்பார்கள். இருக்கட்டும். அவர்களுக்குப் பயந்துதான் இருபத்தைந்து வருஷம் பெரம்பூரில் குடியிருந்தோம், ஒரு நாள் கூட அங்கே தூங்காமல். கண்ட பலன் என்ன? பள்ளிக்கூடம் கிடைத்தது, வேலை கிடைத்தது, ஒத்துக்கொள்கிறேன். வயிற்றுக்காகச் சொன்ன பொய்யை நான் இன்றும் தப்பு என்று சொல்ல மாட்டேன், கதவை மூடியவர்களைத்தான் சொல்வேன். ஆனால் பெண்டாட்டியிடம் சொல்கிற பொய் வயிற்றுக்காக இல்லை. அதைச் சாகும்வரை காவல் காக்க வேண்டும். அவள் புளியந்தோப்புப் பக்கம் ஆட்டோ ஏறினால் உனக்கு வியர்க்கும், என் தம்பி பெண்களுக்குக் கல்யாணம் என்றால் உனக்குக் காய்ச்சல் வரும். நான் உன் அப்பாவோடு வாழ்ந்தது ஏழு வருஷம்தான், ஆனால் அந்த மனுஷனிடம் நான் எதையும் மறைத்துப் படுத்ததில்லை. சுபா எனக்குத் தெரிந்தவரை திடமான பெண். அவளிடம் நீயே சொல். அவள் வீட்டார் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், கல்யாணம் தள்ளிப்போனால் போகட்டும், நின்றே போனாலும் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன் என்று வீறாப்பாக எழுதத் தோன்றுகிறது. விடுவேன். விட்டுவிட்டு இதையேதான் மறுபடி சொல்வேன்.

சேகருக்கு நேற்று போன் பண்ணிவிட்டேன். குடும்பத்தோடு வாங்க, சாப்பிட்டுவிட்டுப் போங்க, மாலையைத் தொடாதீங்க என்றேன். அப்பாடா என்றார், பாவம், அவருக்கும் பிடிக்கவில்லை போல.

தயாளனிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. இந்த வேலையை இரண்டாம் தரம் நான் உனக்காகச் செய்ய மாட்டேன். அவன் மாலை போடக்கூடாது என்று உனக்கு இன்னும் தோன்றினால், ரயில் ஏறி வா. புளியந்தோப்புக்கு வந்து, அவன் முகத்தைப் பார்த்து, உன் வாயால் நீ சொல். காலை பத்து மணிக்கு மேல் குளித்துவிட்டு வீட்டில் இருப்பான். உன்னைப் பார்த்ததும் முதலில் சாப்பிட உட்காரச் சொல்வான். அவன் போடுகிற சோற்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொல்.

அம்மா